பைப்பு படைத்த வெள்ளைவால் சாரை

பாம்புக்கு நிறம் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இயற்கை அதற்காக ஊருக்கு நடுவே ஒரு மலையை எழுப்புகிறது. இந்தப் பக்கத்துப் பாம்பு அந்தப் பக்கம் போய்ப் பெண்ணெடுக்க முடியாதபடி வழியை மறிக்கிறது. இங்கே மழையை ஊற்றி, அங்கே வெயிலைக் காய்ச்சி, லட்சக்கணக்கான வருஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பைப்பு அவ்வளவு மெனக்கெடவில்லை. பழைய மொபெட் ஒன்று, தலையணை உறை சில, குழாய் வேலை கிடைக்காத மத்தியானங்கள். இவ்வளவுதான் மூலதனம். இதை வைத்துக்கொண்டே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பாம்புக் கூட்டத்தைப் படைத்துக் காட்டிவிட்டார். கடல் சூழ்ந்த தீவுகளும் பனி மூடிய மலைகளும் அவரிடம் வந்து கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்து தொழில் பழகிவிட்டுப் போகலாம்.

அவர் மனைவியிடம் இதைச் சொன்னால், "படைச்சதெல்லாம் இருக்கட்டும், நம்ம வாஷ்பேசின் அடைப்ப எப்ப எடுக்கப்போறாராம்?" என்று கேட்பார்.

பைப்பு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அது வேறு. வனத்துறை கொடுத்த பெர்மிட் அட்டையில் மட்டும் இருக்கிறது. மற்றபடி குழாய் வேலைக்காரர் என்பதால் ஊருக்கு அவர் பைப்பு. ஒரு நாள் யார் வீட்டிலோ சாக்கடை அடைப்பை எடுக்கக் கையை விட்டவர், அடைப்பு தானாகவே நகர்வதைக் கண்டார். வெளியே வந்தது ஒரு சாரைப்பாம்பு. வீட்டுக்காரர்கள் சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு, ஏதாவது செய்யச் சொல்லி அலறினார்கள். பைப்பு கையிலிருந்த குழாய்த் துண்டைத் தரையில் வைத்தார். இருட்டான ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்த பாம்பு அதற்குள் போனது. மறுமுனையில் ஒரு தலையணை உறையை மாட்டியிருந்தார். சாரைக்கு விஷம் கிடையாது என்பது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு தைரியம் வந்திருக்காது, ஏனென்றால் காட்டிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து எந்த வீட்டில் பாம்பு தெரிந்தாலும் பைப்புக்குத்தான் போன். வனத்துறை ரேஞ்சர் அவரைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, போட்டோ ஒட்டிய பெர்மிட் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அட்டையின் பின்பக்கம் சில விதிகள் இருந்தன. பைப்பு முன்பக்கத்தை மட்டும் படித்தார்.

அந்த அட்டை அவருக்கு என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். அந்த வீட்டுக்குக் குழாய் ஒட்டப் போனால், "பின்பக்கமா வாப்பா, செருப்ப அங்கயே விடு" என்று ஜன்னல் வழியாக ஒரு குரல் மட்டும் வரும். அதே வீட்டில் பாம்பு என்றால் முன்கதவு விரியத் திறக்கும். "வாங்க சார், வாங்க" என்பார்கள். நாற்காலி வரும், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வரும். டாக்டரே சோபா மேல் நின்றபடி அவரைக் கும்பிடுவார். அதே மனிதர்தான், அதே சட்டைதான், கையில் அதே குழாய். நடுவில் தொங்கியது அட்டை. பைப்பு குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார். அப்போதும் ஷவர் குழாயிலேயே மாட்டி வைப்பார்.

மலைக்கு இரண்டு பக்கமும் ஊர் பரவிக் கிடந்தது. கிழக்குச் சரிவில் சிவப்பு மண், தோட்டம், ஈரம். அங்கே பிடிபடும் சாரைகள் செங்கல் பொடியில் புரண்டு எழுந்தது போலச் செம்பழுப்பாக இருக்கும். மேற்குச் சரிவில் காய்ந்த புல். அங்கே அவை வைக்கோல் மஞ்சள். உச்சியில் பாறையை ஒட்டிய வீடுகளில் பிடிபடுபவை கறுப்பு. எல்லாம் ஒரே சாரைதான். மலை மேல் சாலை போட்டது மனிதர்களுக்கு. சாரைகள் அவரவர் மண்ணோடு இருந்து, அந்தந்த மண்ணின் நிறத்திலேயே பிள்ளை பெற்று வந்தன.

பைப்பிடம் இதற்கு வேறு விளக்கம் இருந்தது. "மஞ்சளா இருந்தா அது நல்லா சாப்பிட்ட எலியத் தின்ன பாம்பு. கறுப்பு, பட்டினி. செவப்புக்குக் கோவம் ஜாஸ்தி" என்பார், கண்ணாடி டம்ளரை இறக்கி வைத்தபடி. மேஜை மேல் நிற்பவர்கள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

அட்டையின் பின்பக்கத்து முதல் விதி: பிடித்த பாம்பைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடவேண்டும். இதில் பைப்புக்கு இரண்டு சிக்கல். பக்கத்திலேயே விட்டால் வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். திரும்பவும் வந்தால் என்ன செய்வது என்று பிடித்துக்கொள்வார்கள். பக்கத்துக் காடு வரை ஏறினால் மொபெட் பெட்ரோலைக் குடிக்கும். அவர் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கைவிட்ட கல்குவாரி இருந்தது. நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், அடியில் தண்ணீர், புதர், தவளை. ஒரு பாம்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கிழக்குப் பாம்பு, மேற்குப் பாம்பு, உச்சிப் பாம்பு எல்லாம் வருஷக்கணக்கில் அந்தக் குவாரிக்குள்தான் போய் விழுந்தன. பைப்பு வீட்டுக்குச் சாப்பிடப் போகிற வழி அது.

இப்படி இருக்கும்போதுதான் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். சாரைகள் ஏன் இடத்துக்கு இடம் நிறம் மாறுகின்றன என்று படிக்கிறவள். காமிரா, அளவு நாடா, பாம்பின் மேல் வைத்து நிறம் பார்ப்பதற்கு வண்ணக் கட்டம் போட்ட ஓர் அட்டை. மலையின் இரு பக்கமும் அலைந்து முடித்துக் குவாரிக்குள் இறங்கியவள், மேலே வந்தபோது முகம் வேறாக இருந்தது. நேராகப் பைப்பு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்கதான் இங்க பாம்பு பிடிக்கிறவரா?"

"பிடிக்கிறவர்னு சொல்லாதீங்க மேடம். மீட்கிறவர்." அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் குவாரில மூணு நிறமும் சேர்ந்து இருக்குண்ணா! வேற எங்கயுமே இப்படி இல்ல. கவனிச்சிருக்கீங்களா?"

நான்தான் கொண்டுவந்து போட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பைப்பு வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"இப்பத்தான் பாக்குறீங்களா? எனக்கு எப்பவோ தெரியும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாஷரை மாற்றாமலே ஒழுகலை நிறுத்துகிற வித்தை அவர் தொழிலில் உண்டு. இரண்டு நாள் தாங்கும்.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மூன்று நிறத்துக்கும் இந்தக் குவாரிதான் தாய்வீடாக இருக்கலாம், இங்கிருந்து பிரிந்து போனவைதான் மலையின் இரண்டு பக்கமும் தனித்தனி நிறமாக நிலைத்திருக்கலாம் என்றாள். பைப்பு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்த மனைவி, கணவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டம்ளரை 'டக்' என்று வைத்தார்.

அவள் போனதும், "தாய்வீடாம்! தாய்வீடு. அதுங்கள மொபெட்ல வச்சுச் சீர் கொண்டாந்த மாதிரி கொண்டாந்தது யாருன்னு சொல்லலையா?" என்றார் மனைவி.

"கேக்கல. சொல்லல."

பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டிலிருந்த மகள், "ஆமாமா. பாம்பும் கேக்கல, அப்பாவும் சொல்லல" என்று ரேஞ்சரின் தொண்டையில் பேசிக் காட்டினாள். அவளுக்கு எல்லோர் குரலும் வரும். பாடம்தான் வராது.

விஷயம் ரேஞ்சர் வரை போனது. குவாரியைக் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாசலில் நடுவதற்கு ஒரு பலகை எழுதினார்கள்: வெளியிலிருந்து எந்தப் பாம்பையும் இங்கே கொண்டுவந்து விடக்கூடாது. மீறினால் பெர்மிட் ரத்து. அதை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலர் வேண்டாமா? ரேஞ்சர் யோசிக்கவே இல்லை.

"உங்களை விட்டா வேற யாரு?" என்றார்.

பைப்பே குழி தோண்டிப் பலகையை நட்டார். அவருக்குப் பின்னால் மொபெட்டின் கைப்பிடியில் ஒரு தலையணை உறை தொங்கி மெதுவாக நெளிந்துகொண்டிருந்தது. காலையில் மேற்குப் பக்கத்தில் பிடித்தது. ஊரிலேயே குவாரிக்குள் பாம்பு போடும் ஒரே ஆளை, குவாரிக்குள் யாரும் பாம்பு போடாமல் காவல் காக்க வைத்திருந்தார்கள். உறையோடு வீடு திரும்பிய அவர், அதைக் குளியலறைப் பக்கெட்டில் வைத்து மூடினார்.

"ஏங்க," என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது, மிகவும் நிதானமாக. "பக்கெட் மூச்சு விடுது."

அதற்குப் பிறகு பிடித்த பாம்பை எல்லாம் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட ஆரம்பித்தார். விதியை மதித்து இல்லை, வேறு வழி இல்லாமல். பெட்ரோல் பங்க் பையனே, "என்ன அண்ணே, வண்டில ஓட்ட விழுந்துடுச்சா?" என்று கேட்டான்.

ஒரு நாள் ஆராய்ச்சிப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணா, இதப் பாருங்க. வால்ல." காமிராவின் திரையில் ஒரு செம்பழுப்புச் சாரை. வாலின் நுனிக்குச் சற்று மேலே, விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. "நெறைய பாம்புல இருக்கு. மூணு நிறத்துலயும் இருக்கு. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முன்னாடி பாத்ததுல ஒண்ணுலயும் இல்ல. இந்தக் குவாரில மட்டும்தான்! சிலதுக்குத் தோல் உரிச்சதும் மறைஞ்சுடுது. வயசைப் பொறுத்து மாறும் போல."

பைப்பு திரையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், காலையில் டாக்டர் வீட்டில் குழாய் ஒட்டிய பசை காய்ந்து வெள்ளையாக அப்பியிருந்தது. பாம்பை உறைக்குள் தள்ளும்போது அவர் வாலைப் பிடிப்பது வழக்கம். அந்த இரண்டு விரலால்.

கையை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரொம்ப அபூர்வம்" என்றார்.

"அடுத்த வாரம் பேராசிரியர்கள் எல்லாரும் வர்றாங்கண்ணா. அவங்க முன்னாடி இதத்தான் முதல்ல காட்டப்போறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாம்புக்காரி பாம்புக்காரின்னு சிரிச்சாங்க. உக்காரக்கூடச் சொல்லமாட்டாங்க. இனிமே சொல்லுவாங்கல்ல?"

அன்று பைப்பு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. மகள் எதிரில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. மனைவிக்கு விஷயம் முழுக்கத் தெரியும். பைப்பு அவரிடம் சொன்னதில்லை. ஆராய்ச்சிப் பெண் பேசியதைக் கேட்டு, கணவரின் விரலைப் பார்த்தே வெள்ளையின் காரணத்தைப் புரிந்துகொண்டவர்.

"சொன்னா அட்ட போயிடும்" என்றார் பைப்பு.

"போகும்."

"திரும்பவும் பின்பக்கமா வாப்பான்னுவாங்க."

"சொல்லுவாங்க. உங்களுக்குப் பின்வாசல் பழகினதுதான்." மனைவி தட்டை எடுத்தார். "சபைல அத்தன பேரு முன்னாடி, இது பைப்புல ஒட்டுற பசம்மான்னு ஒருத்தன் எழுந்து சொன்னா, அந்தப் பொண்ணு எந்த வாசல் வழியா வெளிய வரும்?"

பைப்புக்கு அது உறைத்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தப் பெண்ணிடம் போகவில்லை. ஒவ்வொரு நாளும் கிளம்புவார். அட்டையைத் துடைப்பார். மொபெட்டை உதைப்பார். எதற்கோ திரும்பி வருவார். வீட்டில் இன்னொரு தலையணை உறை காணாமல் போனதற்கு மனைவி அவரைப் பிடித்துக் காய்ச்சினார். "சத்தியமா இத நான் எடுக்கல" என்றார். அந்த வீட்டில் தலையணை உறை விஷயத்தில் பைப்பின் சத்தியத்துக்கு மதிப்பு கிடையாது.

பேராசிரியர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் போனார். ரேஞ்சர் ஆபீஸ் மாடியில் ஆராய்ச்சிப் பெண்ணுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க சாரைகளின் படங்கள், நிறவாரியாக ஒட்டியிருந்தன. நடுவில் பெரிதாக வெள்ளைவால். அதன் கீழே நின்றுகொண்டு, மன்னிப்புக் கேட்க வந்த மனிதர், பழக்க தோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மேடம், இந்த வெள்ளைப் பட்ட இருக்கே, அத உண்டாக்கினது யாருன்னு தெரியுமா? உலகத்துலயே அத உண்டாக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்." சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. "பைப்பு ஒட்டுற பசை. வாலப் பிடிச்சுத்தான் உள்ள தள்ளுவேன். கை கழுவுறதில்ல. அதுங்க அங்கயே பிறந்ததும் இல்ல மேடம். எல்லாம் நான் கொண்டாந்து கொட்டினது. கெழக்கு, மேக்கு, மேல, எல்லாம்."

அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். கழுத்தில் அந்த நாடா இருந்த இடம் மட்டும் வெளுத்து ஒரு பட்டையாகத் தெரிந்தது.

ஆராய்ச்சிப் பெண் அவரை உட்காரச் சொன்னாள்.

"போன வாரமே தெரியும்ணா."

"எப்படி?"

"யாரோ ஒரு பெரியவர் போன் பண்ணினாரு. 'அந்த வெள்ளைய மோந்து பாரும்மா'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. மோந்து பாத்தேன்."

தலையணை உறையை வாயில் பொத்திக்கொண்டு பேசிய அந்தப் பெரியவர், பேர் கேட்டதற்கு ஊர் நலம் விரும்பி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். ஊரில் பைப்புக்கு ஆகாதவர்கள் நிறைய. குழாய் ஒட்டிய மறுநாளே ஒழுகிய வீடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

"அப்புறம் ஏம்மா நீங்க ரேஞ்சர்கிட்ட சொல்லல?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன்." பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னைக்கும் வரலன்னா சொல்லியிருப்பேன். ஒரு நாள் மிச்சம் வச்சு வர்றீங்க! என் படிப்பு என்ன உங்க வீட்டு வாஷ்பேசினா, எப்ப வேணா பாத்துக்கலாம்னு விடுறதுக்கு?"

வாஷ்பேசின் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பைப்பு ஒரு கணம் யோசித்தார். ஊர் முழுக்கத் தெரியும் என்று முடிவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

பேராசிரியர்கள் முன்னால் அவள் வெள்ளைவாலைக் காட்டவில்லை. தனித்தனியாக இருக்கவேண்டிய கூட்டங்களை மனிதர்கள் எப்படிக் கலந்துவிடுகிறார்கள் என்று பேசினாளாம். பேரைச் சொல்லாமல் ஒரு குழாய்க்காரரைப் பற்றியும் பேசினாளாம். சிரித்தார்களாம், ஆனால் அவளைப் பார்த்து இல்லை. உட்காரவும் சொன்னார்களாம்.

ரேஞ்சர் அட்டையை வாங்கித் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். தானாக வந்து சொன்னதால் ரத்து இல்லை, அடுத்த மழைக்காலம் முடியும் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அதுவரை தண்டனையாக, கொட்டியதை எல்லாம் அள்ளி அவரவர் வீட்டில் சேர்க்கவேண்டும்.

"எது எந்தத் தெருன்னு எனக்கு மனப்பாடம்" என்று பைப்பு மார்தட்டினார். முதல் சாரையைத் தூக்கி, இது டாக்டர் வீட்டுத் தோட்டம் என்றார். ஆராய்ச்சிப் பெண் வண்ண அட்டையை வைத்துப் பார்த்தாள். மலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தது. அதற்குப் பிறகு பைப்பு வாயைத் திறக்கவில்லை. அவள் நிறம் பார்த்துச் சொல்ல, அவர் பிடித்து உறையில் போட்டார். ஒவ்வொரு முறையும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சிவப்பு கிழக்கே போனது, மஞ்சள் மேற்கே, கறுப்பு உச்சிக்கு.

கடைசியில் குட்டிகள் மிஞ்சின. குவாரிக்குள்ளேயே முட்டை பொரிந்து வந்தவை. வண்ண அட்டையின் எந்தக் கட்டத்திலும் சேராத நிறம். சிவப்பா மஞ்சளா என்று தீர்மானிக்க முடியாமல், வெயிலில் காய்ந்த செங்கல் போல. ஆராய்ச்சிப் பெண் வெகுநேரம் அட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"இதுங்கள எந்தப் பக்கம் விடுறதும்மா?"

"தெரியலண்ணா. ரெண்டு பக்கமும் இதுங்களோட ஊர் இல்ல."

பைப்பு ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது அவர் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. அன்று விளக்கம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. கோபம், பட்டினி, எலி, ஒன்றும் வரவில்லை.

"இங்கயே இருக்கட்டும். பாவம், நான் பண்ணின வேல" என்றார்.

போன வாரம் டாக்டர் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகியது. பின்பக்கமா வாப்பா என்றது ஜன்னல். போனார், ஒட்டினார், வந்தார். வீட்டுக்கு வந்து யாரும் கேட்காமலே வாஷ்பேசின் அடைப்பை எடுத்தார். அடியில் முட்டிக்கால் போட்டு அமர்ந்திருந்தபோது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்த தாள்கள் கண்ணில் பட்டன. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தார். இயற்கை, மலை, மொபெட், எடுபிடி. சில இடங்களில் உதட்டைக் கடித்தார். ஓர் இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தார்.

"பழைய மொபெட்டா? நான் வாங்கும்போது அதுல ஒரு கீறல் கிடையாது" என்றார், கதவருகே வந்து நின்ற மகளைப் பார்க்காமலே.

"சரிப்பா, மாத்திடுறேன்."

"பசைய வெள்ளன்னு எழுதியிருக்கே. பால் நிறம். அது வேற, இது வேற."

"சரிப்பா."

பைப்பு இன்னும் இரண்டு தாள் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"அந்தப் பெரியவரு தலையணை உறைய வாயில பொத்திக்கிட்டுப் பேசினாருன்னு எழுதியிருக்கே."

மகள் ஓர் அடி பின்னால் போனாள்.

"அந்தப் பொண்ணு என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே. போன்ல உறை எப்படிடி தெரியும்?"

எல்லோர் குரலும் வருகிற தொண்டையில் அப்போது ஒன்றும் வரவில்லை. பைப்பு தாள்களை அடுக்கி, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டு, பால் நிறப் பசை அப்பிய கையை நீட்டினார்.

"அத எடுத்தது நான்னு உங்கம்மா என்ன ஒரு வாரம் திட்டினா. குடு. எங்க அந்த உறை?"